அறுபத்தைந்துக்குக் காத்திருந்தவள்

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், ஹோபர்ட் நேப்பியர் வீட்டுத் தொலைபேசிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அறுபத்தைந்து தாண்டிய கிழடுகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற மெடிகேர் காப்பீட்டை ஒட்டிப் பிழைக்கிற கம்பெனிகள் ஆயிரம் உண்டே, அத்தனைக்கும் அதுதான் அறுவடைக் காலம். யார் நம்பரைக் கொடுத்தார்களோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். அன்றைக்கும் காலைக் காப்பி ஆறுவதற்குள் மணி அடித்தது.

"குட் மார்னிங் சார்! மிசஸ் வெர்னா நேப்பியர் வீட்ல இருக்காங்களா?"

ஹோபர்ட் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரத்து நாற்காலியில், பழுப்புக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்தபடி வெர்னா உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கா. ஆனா பேசமாட்டா."

"பரவால்ல சார், அவங்க கேட்டுக்கிட்டா போதும். அவங்களுக்கு இப்ப அறுபத்தேழு முடிஞ்சிருக்கும் இல்லீங்களா? பல்லு, கண்ணாடி, காது மெஷின் எல்லாம் சேத்து ஒரே கார்டுல..."

"அவளுக்கு இன்னும் அறுபத்தஞ்சே ஆகலியே தம்பி," என்று சொல்லிவிட்டு ஹோபர்ட் போனை வைத்தார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வெர்னா செத்துப்போய் மூன்றாவது குளிர்காலம் வரப்போகிறது. அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஆறு மாதம் இருக்கும்போது போனவள். செத்தவர்களுக்கு வயது ஏறுவதெல்லாம் கம்பெனிக்காரன் கணக்கில் மட்டும்தான்.

பேய் என்றால் நடுராத்திரியில் வரும், கதவைத் தட்டும், விளக்கை அணைக்கும் என்று கதை விடுகிறார்களே, அதெல்லாம் வேலையற்றவர்கள் பேச்சு. வெர்னா பட்டப்பகலில் வந்தாள். பனிமூட்டம் மலையை விட்டு இறங்குகிற நேரத்தில், ஹோபர்ட் முட்டையை வாணலியில் உடைத்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அந்த நாற்காலியில் இருப்பாள். ஒரு வார்த்தை கிடையாது. ஜன்னல் வழியாக வாசலில் நிற்கிற பிக்கப் வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஹோபர்ட் தட்டைக் கழுவித் திரும்பும்போது நாற்காலி காலியாக இருக்கும். அவருக்குப் பயம் என்று ஒன்று வந்ததே இல்லை. நாற்பத்து மூன்று வருஷம் கூடப் படுத்தவளிடம் என்ன பயம்? 

அந்தக் கோட்டு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். "ஹோபர்ட், என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ," என்று வெர்னா தன் வாயால் கேட்ட காலை அது. கண்ணாடியெல்லாம் உறைபனி. இவர் வெளியே போய் வண்டிக் கண்ணாடியைச் சுரண்டி, இன்ஜினைச் சூடாக்கிவிட்டு உள்ளே வந்தபோது, அவள் இதே கோட்டோடும் பையோடும் இதே நாற்காலியில் தயாராக இருந்தாள். முகம் அடுப்புச் சாம்பல் நிறம். "அவசரமில்ல, காப்பியைக் குடிச்சிட்டே வா," என்றாள். மகராசி! உள்ளே குடலெல்லாம் புற்று பரவி ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இவருடைய காப்பிக்குக் கவலைப்பட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை.

அதற்கு முன்னால் நடந்த முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். கென்டக்கியில் அந்த மலைப்பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லாரும் செய்கிற முட்டாள்தனம்தான் அது. அறுபத்தைந்து பிறந்த அன்றைக்கு மில்லில் கேக் வெட்டி, கையுறையைக் கழற்றி மேஜை மேல் போட்டு, "இனி மெடிகேர் பாத்துக்கும்டா!" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஹோபர்ட்டும் போனார். மரம் அறுக்கிற மில்லில் முதுகை ஒடித்த மனிதர், போகாமல் என்ன செய்வார்? மில் கொடுத்த காப்பீட்டில் பெண்டாட்டியும் தானாக அடக்கம். சர்ச்சில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. கல்லறைக்கு வாங்கிப் போட்ட கல்லில்கூட இருவர் பெயரும் சேர்ந்தே இருந்தது. அரசாங்கக் காப்பீடு மட்டும் பிரித்தா வைக்கும் என்று நினைத்தார். கல்யாணச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு மெடிகேர் அலுவலகத்துக்குப் போனார்.

கவுன்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தாள். "சார், இது உங்களுக்கு மட்டும்தான். அவங்களுக்கு அறுபத்தஞ்சு ஆகணும்."

வேலையை விட்டதுமே மில் காப்பீடும் நின்றுபோயிருந்தது. திரும்பப் போகலாம் என்றால், அதற்குள் மில்லில் அவருடைய ரம்பத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. தனியாகக் காப்பீடு வாங்கலாம் என்று வெர்னா கம்பெனி கம்பெனியாகக் கேட்டுப் பார்த்தாள். எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா? பொய் சொல்லத் தெரியாதவள், சர்க்கரை உண்டு என்றாள். அத்தோடு கதவைச் சாத்தினார்கள்.

வெர்னா அழவெல்லாம் இல்லை. "மூணு வருஷம்தானே? வாசப்படியைச் சரிபண்றேன்னு நீ சொல்லி எத்தனை வருஷமா காத்திருக்கேன், இதென்ன பிரமாதம்!" என்றாள். ஹோபர்ட்டும் சிரித்தார். "காத்திரு, காத்திரு. மெடிகேர் எங்க ஓடிப்போகுது?" என்றார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும் அவருக்கு.

இப்படி இருக்கும்போது, அந்த நவம்பரில் லாரல் ஃபோர்க் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒரு விருந்து நடந்தது. விருந்து என்றால் சந்தோஷ விருந்து இல்லை. காப்பீடு இல்லாதவன் யாராவது படுத்துவிட்டால், பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்டுக் காரமாக ஒரு அண்டா குழம்பு வைத்து, பெண்கள் சுட்ட ஆப்பிள் கேக்குகளை ஏலம் விட்டு, பாட்டுப் பாடி, வந்ததை அந்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். அன்றைக்குக் கூரை வேய்கிற டெக்ஸ்டருக்காக. மேலேயிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது.

அண்டாப் பக்கத்தில் கரண்டியோடு நின்றவள் நெல்டா, வெர்னாவின் தங்கை. புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லை. வீட்டு கராஜையே முடி திருத்துகிற கடையாக மாற்றி, ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முடி சுருட்டிக்கொண்டிருந்தாள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். அறுபத்தைந்துக்கு இன்னும் இரண்டு வருஷம் சொச்சம் பாக்கி.

பாஸ்டர் கிளேட்டன் தட்டை நீட்டிக்கொண்டே தெரியாத்தனமாக வாயை விட்டார். "புதுச் சட்டப்படி காப்பீடு எடுக்கறதுக்கு லைப்ரரியில ஒரு பொண்ணு வந்து உதவி பண்ணுதாம். காப்பீடு இல்லாதவங்க எட்டிப் பாக்கலாம்."

வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. "பாஸ்டர், ஜெபம் பண்ற வாயால அதைச் சொல்லாதீங்க," என்றாள் நெல்டா. "வெள்ளை மாளிகையில உக்காந்திருக்கானே, அந்த ஆளு கொண்டாந்த காப்பீட்டை என் நாயிகூட மோந்து பாக்காது. முதல்ல ஆறாயிரம் டாலர் நம்ம கையிலேர்ந்து கட்டணுமாம், அப்புறம்தான் அவன் குடுப்பானாம். அதுக்கு எதுக்குக் காப்பீடு? அந்தப் பணம் எங்கேர்ந்து வருது தெரியுமா? கெழவங்க மெடிகேர்ல கையை வச்சுப் புடுங்கறாங்க. இதோ நிக்கிறானே ஹோபர்ட், இவன் வாயிலேர்ந்து புடுங்கி என் வாயில ஊட்டறாங்களாம். எனக்கு வேணாம்!"

"என் வாயைப் பத்தி நீ கவலைப்படாத," என்றார் ஹோபர்ட். "மெடிகேரும் அரசாங்கம்தானே நடத்துது? அதுக்கு மட்டும் வாயைப் பொளந்துக்கிட்டு ரெண்டு வருஷம் நிப்பியா?"

"அது வேற! அது நான் பதினாறு வயசுலேர்ந்து வரி கட்டிச் சம்பாதிச்சது. பிச்சை இல்ல." நெல்டா கரண்டியால் அந்தக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "இதைப் பாரு. நம்ம ஜனத்தை நாமதான் பாத்துக்கறோம். எந்த வாஷிங்டன்காரனும் வேணாம். வெர்னாவுக்கும் இதே மேஜையிலதான் போட்டோம், மறந்துட்டியா?"

"மறக்கல. வெர்னாவுக்குப் போட்ட விருந்துல வந்தது அவ சவப்பெட்டிக்குச் சரியாப் போச்சு."

 பியானோவில் இருந்த பெண் கையை எடுத்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லக்கூடிய பேச்சா அது? ஹோபர்ட்டுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.  நெல்டா பதில் சொல்லாமல் இருந்ததை அந்த ஊர் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது.

அப்போதுதான் ஹோபர்ட்டின் கண்ணில் பட்டது. கரண்டி பிடிக்காத இடது கையை அவள் அடிவயிற்றில் அழுத்திக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் ஊற்றியவள் தன் தட்டில் ஒரு வாய் போட்டுக்கொள்ளவில்லை. கரண்டியைப் பாஸ்டர் கையில் திணித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். உதட்டில் புதிதாகச் சாயம், கன்னத்தில் புதிதாகச் சிவப்பு. அதற்கடியில் அந்தச் சாம்பல் நிறம்.

வெர்னாவும் இப்படித்தான். அந்தக் கடைசி வருஷம் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து போவாள், வரும்போது சாயம் பூசிக்கொண்டு வருவாள். "கெழவி ஆனப்புறம்தான் ஒனக்கு அலங்காரம் தெரியுது," என்று கேலிகூடப் பண்ணினார் ஹோபர்ட். கண்ணிருந்தும் குருடு. இந்தத் தடவை குருடாக இருக்க முடியவில்லை.

மறுநாள் காலை முட்டையை உடைத்து ஊற்றிவிட்டுத் திரும்பினார். நாற்காலி காலி. அடுப்பை அணைத்தார், மூட்டினார், மறுபடி அணைத்தார். கூடத்தைப் பார்த்தார், படுக்கையறையைப் பார்த்தார். "வெர்னா?" என்று கூப்பிட்டே விட்டார். போய்விட்டாளே என்று நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. வண்டிச் சாவியை எடுத்தார்.

திங்கட்கிழமை நெல்டா கடைக்கு விடுமுறை. கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நெல்டா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலைமேல் தொப்பி மாதிரி கவிழ்ந்து முடி உலர்த்துகிற இயந்திரங்கள் வரிசையாக மூன்று, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு நாற்காலி. நடு நாற்காலியில், கவிழ்ந்த தொப்பிக்கு அடியில், பழுப்புக் கோட்டும் கைப்பையுமாக வெர்னா உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் பிக்கப் வண்டியைப் பார்த்த அந்தக் கண் இப்போது தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹோபர்ட் கராஜ் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன, நேத்து பேசுனது போதலியா? மிச்சத்தையும் பேச வந்தியா?" என்றாள் நெல்டா. "வா. வந்தவன் அந்தத் துண்டை மடி."

"எத்தனை நாளா ரத்தம் போகுது?"

துண்டு கீழே விழுந்தது. "என்ன பேச்சு இது? பொம்பளைகிட்ட கேக்கற கேள்வியா? வெக்கமா இல்ல உனக்கு?"

"வெக்கப்பட்டு வெக்கப்பட்டுத்தான் ஒருத்தியைப் பொதச்சாச்சு. எத்தனை நாளா?"

நெல்டா குனிந்து துண்டை எடுத்தாள். உதறினாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். "கோடைக்காலத்துலேர்ந்து," என்றாள். "மூலமா இருக்கும். நாள் பூரா நிக்கிற தொழிலு. இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் மெடிகேர் வந்ததும் முதல் வேலையா..."

"நிறுத்துடி!" ஹோபர்ட் போட்ட சத்தத்தில் அலமாரியில் இருந்த சீப்புகள் அதிர்ந்தன. "அவளும் இதைத்தான் சொன்னா. இதே வார்த்தை, இதே வாய். லைப்ரரிக்குக் கிளம்பு. இப்பவே கிளம்பு."

"அந்தக் காப்பீடு எனக்கு வேணாம்னு..."

"அந்த ஆளைப் புடிக்கலன்னா அடுத்த தடவை எதுத்து ஓட்டுப் போடு. வண்டியில கொடி கட்டிக்கிட்டுப் போ, நானே ஓட்டறேன். உயிரோட இருந்தாத்தானே ஓட்டு? வீம்புக்குச் சாவாங்களா யாராவது?"

"வீம்பு இல்ல ஹோபர்ட்!"  நெல்டா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள், அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில். "வீம்பு இல்ல. அது நல்லதுன்னு ஒத்துக்கிட்டா, எங்கக்கா எதுக்குச் செத்தா? சொல்லு பாப்போம். லைப்ரரியில போய் உக்காந்தா கெடைக்கிற ஒரு அட்டை, அது இல்லாமயா செத்தா? அது ஒண்ணுக்கும் உதவாத குப்பைன்னு நான் சொல்றவரைக்கும் அவளை ஆண்டவர் கூப்பிட்டார்னு இருக்கும். நேரம் வந்தது, போனா. அதை நினைச்சுத்தான் எனக்குத் தூக்கம் வருது. அதையும் புடுங்கறியே நீ!"

 இத்தனை நாள் ஹோபர்ட், இவள் வானொலியில் கேட்டதை ஒப்பிக்கிறாள் என்று நினைத்தார். அரசியல் என்று நினைத்தார்.

"அது மட்டும் இல்ல," என்றாள் நெல்டா, முகத்தைத் துண்டில் பொதித்துக்கொண்டு. "அவ என்கிட்ட சொன்னா. ரத்தம் போகுதுன்னு. சாகறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே சொன்னா. 'ஹோபர்ட்கிட்ட மூச்சு விடாத, தெரிஞ்சா இந்த முதுகோட திரும்ப மில்லுக்குப் போய் நிப்பான்'னு சத்தியம் வாங்கிக்கிட்டா. நானும் காத்திருன்னுதான் சொன்னேன். பிறந்தநாள் வரட்டும், ரெண்டு பேருமாப் போலாம்னு."

கோபம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, கழுத்தை நெரிக்கிற அளவுக்கு வந்தது. ஒரு வருஷம்! ஒரு வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் வீட்டை விற்றிருப்பார், வண்டியை விற்றிருப்பார், மில் வாசலில் மண்டியிட்டிருப்பார். பற்களைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது வெர்னாவைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவே இல்லை. தங்கையின் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. கவலைதான் இருந்தது.

"எங்க பாக்கற?" என்றாள் நெல்டா.

"வெர்னாவை."

"ஹோபர்ட்..."

"பைத்தியம்னு நினைச்சாலும் நினைச்சுக்கோ. தினம் காலைல வர்றா. என் சமையக்கட்டுல கோட்டும் பையுமா உக்காந்திருப்பா. இன்னிக்கு அங்க இல்ல. இங்க இருக்கா, உன் பக்கத்துல." ஹோபர்ட்டின் குரல் தாழ்ந்தது. "ஆண்டவர் கூப்பிட்டதாலயா போனா? கூப்பிட்டிருந்தா அங்க போயிருக்கமாட்டாளா? இங்க ஏன் உக்காந்திருக்கா? நான் காத்திருன்னேன். நீ காத்திருன்ன. அவ இன்னும் காத்திருக்கா, நெல்டா."

நெல்டா பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் கை மட்டும் மெல்ல மடியை விட்டு இறங்கி, இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் இருந்த காலி இடத்தில் நின்றது. பிறகு அவள் எழுந்து கோட்டை மாட்டினாள்.

லைப்ரரியில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேள்விகளைக் கேட்டாள். பெயர், பிறந்த தேதி, கடையில் வருஷத்துக்கு எவ்வளவு வரும், புகை பிடிப்பீர்களா. நெல்டா ஒவ்வொன்றுக்கும் வெடுக் வெடுக்கென்று பதில் சொன்னாள்.  எந்தக் கேள்விக்காக அவள் உடம்பை இறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று ஹோபர்ட்டுக்குத் தெரிந்தது.

"அவ்வளவுதான் மேடம். மாசக் கட்டணத்துல பாதிக்கு மேல அரசாங்கமே கட்டிடும், கையிலேர்ந்து கட்டற தொகையும் உங்க வருமானத்துக்குக் குறைஞ்சிடும். ஜனவரி ஒண்ணாந் தேதியிலேர்ந்து செல்லும்."

"இரு இரு," என்றாள் நெல்டா. "நோய் இருக்கான்னு நீ கேக்கவே இல்லியே?"

"அதை இனிமே கேக்கக்கூடாதுங்க மேடம். சட்டம்."

"கேக்கவே கூடாதா?"

"கூடாதுங்க."

 "எங்கக்காகிட்ட கேட்டாங்களே," என்றாள் நெல்டா. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

டிசம்பரில் வெர்னா ஹோபர்ட்டின் சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். அவர் இப்போதெல்லாம் அவளிடம் பேச ஆரம்பித்திருந்தார். "கார்டு வந்துடுச்சு, பாத்தியா? கார்டைக் கையில வாங்கிட்டு உன் தங்கச்சி பண்ற அலட்டலைப் பாக்கணும் நீ. பக்கத்துல இருக்கற பெரிய டாக்டர் அந்தக் காப்பீட்டு லிஸ்ட்ல இல்லியாம், ஒண்ணரை மணி நேரம் வண்டி ஓட்டணுமாம், 'நான்தான் அப்பவே சொன்னேனே'ன்னு ஒரே ஆட்டம்," என்பார். பதில் வராது. வெர்னா ஜன்னல் பக்கமே பார்த்திருப்பாள். முட்டை தீயும்.

ஜனவரி மூன்றாவது வாரம் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். அதற்கு முந்தின நாள் பூராவும் குடிக்கச் சொன்ன மருந்தைக் குடித்துவிட்டு நெல்டா போனில் ஹோபர்ட்டைக் கிழித்த கிழி கொஞ்சமா நஞ்சமா. "உப்புக் கடல் மாதிரி இருக்கு, குடிச்சுப் பாருடா கெழவா! அந்த ஆளைக் குடிக்கச் சொல்லு!" மயக்கம் கொடுப்பார்கள், வண்டி ஓட்ட ஒரு ஆள் கூட வந்தால்தான் செய்வோம் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஹோபர்ட் கூட்டிக்கொண்டு போனார், உட்கார்ந்திருந்தார், கூட்டிக்கொண்டு வந்தார். எதையோ வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள்.

அந்த ஒரு வாரம் ஹோபர்ட் இரவில் தூங்கினாரா என்று கேட்காதீர்கள். நெல்டாவும் செத்துவிட்டால் அந்தச் சமையலறையில் இன்னொரு நாற்காலி போட வேண்டியிருக்கும் என்ற நினைப்பு அவரை விடவில்லை. ஜெபம் பண்ணிப் பார்த்தார். வாயில் வந்தது ஜெபமா வசவா என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் நெல்டா தனியாகத்தான் உள்ளே போவேன் என்றாள். ஹோபர்ட் வெளியே வண்டியில் இருந்தார். மழைகூட இல்லை, பனிகூட இல்லை. வெளிறிய வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் அவள் வந்தாள். கதவைத் திறந்தாள், ஏறினாள், கதவைச் சாத்தினாள். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"சொல்லித் தொலையேன்டி!"

"ஒண்ணும் இல்லியாம்."

"ஒண்ணும் இல்லன்னா?"

"பட்டாணி சைஸுக்கு ஒரு சதை முளைச்சிருந்ததாம், ரத்தம் அதுலேர்ந்துதானாம். இன்னும் கெட்டுப்போகலியாம். அன்னிக்கே வெட்டி எடுத்துட்டாங்களாம். நான் தூங்கிட்டு இருக்கும்போதே. அஞ்சு நிமிஷ வேலையாம். ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தாத்தான் புத்துநோயா மாறி இருக்குமாம்." நெல்டா பட்டாணி அளவுக்கு விரலைச் சேர்த்துக் காட்டினாள். விரல்களுக்கு நடுவில் இருந்த அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கங்கிராஜுலேஷன்ஸ்னு கை குடுத்தாரு டாக்டர்."

ஹோபர்ட்டின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஆண்டவரே! ஆண்டவரே!" என்றார். ஸ்டியரிங்கைத் தட்டினார். சிரித்தார். அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். நெல்டா சிரிக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம், ஹோபர்ட்," என்றாள். "இவ்வளவுதானா? எங்கக்காவைக் கொன்னது இவ்வளவுதானா?"

பிறகு அவள் அழுதாள். வாயைக் கையால் பொத்தவில்லை, துண்டில் முகத்தை மறைக்கவில்லை. சாயம் கரைந்து கன்னமெல்லாம் வழிய, வண்டி நிறுத்தத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, ஓ என்று கதறினாள். ஹோபர்ட்டின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துவிட்டது. அவருக்கும் அது அப்போதுதான் உறைத்தது. குடல் முழுக்கப் பரவிய பெரிய நோய், மலை மாதிரி நோய், மனிதர் கை எட்டாத நோய் என்றுதான் இத்தனை நாள் மனதில் வைத்திருந்தார். அது ஒரு காலத்தில் பட்டாணியாக இருந்திருக்கிறது. வெர்னா அதை வைத்துக்கொண்டு தினமும் எழுந்து காப்பி போட்டிருக்கிறாள்.

அழுது ஓய்ந்து நெல்டா மூக்கைச் சிந்தினாள்.

"இன்னும் வர்றாளா அவ?"

"வர்றா. இன்னிக்குக் காலையிலகூட இருந்தா."

"நீதான் இப்பல்லாம் எல்லாத்தையும் அவகிட்ட சொல்றேன்னு சொன்னியே."

"சொல்றேன்."

"அப்ப இந்த அஞ்சு நிமிஷத்தை எப்படிச் சொல்லப்போற?"

ஹோபர்ட் சாவியைத் துவாரத்தில் போட்டார். திருப்பவில்லை. வெர்னா வரத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, வீட்டுக்குப் போக அவருக்குப் பயமாக இருந்தது.